காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு



நமது ஞாயிற்றுக்கிழமைத் தொழிற்பயிற்சி வகுப்பில் நடந்த பாடம் ஒன்றை இந்த இதழில் எழுதுகிறேன். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்கும், வீட்டில் தண்ணீர் மோட்டார் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் இது பயன்படும். இந்தப் பாடம் என்னுடைய தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆகவே அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பிள்ளைகள் மேல்நிலைத் தொட்டிக்கான தானியங்கிக் கருவி செய்யக் கற்றுக்கொண்டார்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரை ஓடவிடும். நிறைந்தால் நிறுத்திவிடும். முதல் முறையாகப் பத்துப் பெட்டிகள் செய்து, அடக்க விலைக்கே பத்து வீடுகளுக்குக் கொடுக்க முடிவு செய்தோம். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் கையெழுத்துக்காக என்னிடம் வந்தது. அதில் ரிலேக்குப் பக்கத்தில் ஒரு டையோடு எழுதியிருந்தது.

"இது இல்லாவிட்டால் பெட்டி ஓடாதா?" என்று கேட்டேன்.

"ஓடும் சாச்சா" என்றான் பட்டியல் கொண்டுவந்த பையன். அவன் சொன்னது பொய்யில்லை. மேசைமேல் வைத்துப் பார்த்தோம், ஓடியது. பயிற்சியாளர் அன்று ஊரில் இல்லை. நான் அந்த வரியை அடித்துவிட்டேன். பெட்டிக்கு ஒரு ரூபாய் அளவில் மிச்சம்.

ஒரு மாதத்துக்குள் நான்கு பெட்டிகள் திரும்பி வந்தன. மூன்று வீடுகளில் தொட்டி வழிந்ததோடு போயிற்று. நான்காவது வீடு, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு விதவைச் சகோதரியுடையது. இரவில் ஓடத் தொடங்கிய மோட்டாரைப் பெட்டி நிறுத்தவில்லை. மேல்தொட்டி வழிந்து, கீழே இருந்த சம்ப் வற்றி, விடியும்வரை தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார் கருகிவிட்டது. காயில் கட்டும் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. ஆனால் "சின்னப் பிள்ளைகள் செய்தது அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சு தெருவில் எழுந்தது. அந்தப் பேச்சு, பெட்டியைச் செய்த பையன்மேல் விழுந்தது. வரியை அடித்தது நான். அவன் இரண்டு வாரம் வகுப்புக்கே வரவில்லை.

பயிற்சியாளர் வந்து நான்கு பெட்டிகளையும் திறந்து பார்த்தார். நான்கிலும் ஒரே உறுப்புதான் செத்திருந்தது. ரிலேயை இயக்கும் சிறிய டிரான்சிஸ்டர். அது ஷார்ட் ஆனதால் ரிலே விடுபடவில்லை, மோட்டாரும் நிற்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் படித்தவன் நான். தன்தூண்டல் என்ற பாடத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அது ஒரு ரூபாய் டையோடாக என் கைக்கு வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

சுருளின் குணம்

கம்பியைச் சுருளாகச் சுற்றினால் அதுதான் காயில். ரிலே, கான்டாக்டர், மோட்டார், மின்விசிறி, டியூப் லைட் சோக், டிரான்ஸ்ஃபார்மர், தண்ணீரைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது காயில்தான். அதில் மின்னோட்டம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தில் கொஞ்சம் ஆற்றல் சேர்ந்து நிற்கிறது.

சுவிட்சை நிறுத்தினால் அந்த ஆற்றல் அப்படியே மறைந்துவிடாது. புலம் சரியும்போது, அதே கம்பியில் புதிதாக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதுவரை எந்தத் திசையில் மின்னோட்டம் ஓடியதோ அதே திசையில் தொடர்ந்து ஓடவைக்கப் பார்க்கும். சுருக்கமாகச் சொன்னால், காயில் தன் வழியே ஓடும் மின்னோட்டம் திடீரென்று நிற்பதைச் சம்மதிக்காது. அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி, நீண்ட கம்பிச்சுருளை பேட்டரியிலிருந்து பிரிக்கும்போது பொறி பறப்பதைக் கவனித்து 1832இல் எழுதினார். காயிலின் இந்தக் குணத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது எளிதில் புரியும். நீண்ட குழாயில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைப் பட்டென்று அடைத்தால் குழாய் 'டம்' என்று அதிரும். சில சமயம் இணைப்பே பிய்த்துக்கொள்ளும். ஓடிவந்த தண்ணீரின் வேகம் போக இடமில்லாமல் அழுத்தமாக மாறுகிறது. மெதுவாக அடைத்தாலோ, தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி இருந்தாலோ அதிர்ச்சி இல்லை. காயிலிலும் அதே கதைதான்.

ஒரு கணக்கு

நம் பெட்டியில் இருப்பது 12 வோல்ட் ரிலே. அதன் காயிலின் மின்தடை 400 ஓம். ஆகவே ஓடும் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர். காயிலின் தூண்டல் அரை ஹென்றி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். டிரான்சிஸ்டர் நின்றதும் அந்த 30 மில்லி ஆம்பியர், 50 மைக்ரோ விநாடியில் பூச்சியத்துக்கு இறங்குகிறது என்று கொள்வோம்.

தூண்டலை மின்னோட்ட மாற்றத்தால் பெருக்கி நேரத்தால் வகுத்தால் எழும் மின்னழுத்தம் கிடைக்கும். 0.5 பெருக்கல் 0.03 என்பது 0.015. அதை 0.00005ஆல் வகுத்தால் 300 வோல்ட். இன்னும் வேகமாக நிறுத்தினால் இன்னும் கூடும்.

நாங்கள் போட்டிருந்த டிரான்சிஸ்டர் பிசி547. நின்ற நிலையில் அது தாங்குவது 45 வோல்ட். 12 வோல்ட் பெட்டிக்கு 45 தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை ரிலே விடுபடும்போதும் அதன் தலையில் விழுந்தது அதைப்போல் பல மடங்கு. சேர்ந்திருக்கும் ஆற்றல் மிகக் கொஞ்சம் என்பதால் ஒரே அடியில் அது சாகவில்லை. தொட்டி நிறையும் நேரத்தில் தண்ணீர் அலையடித்தால் ரிலே 'டக் டக்' என்று பலமுறை விழுந்து எழும். இப்படி அடி வாங்கி வாங்கி ஒருநாள் ஷார்ட் ஆகிவிட்டது. மேசைமேல் ஐந்து நிமிடம் ஓடியதைப் பார்த்து நான் ஏமாந்தது இதனால்தான்.

நாம் பார்த்துப் பழகிய சாட்சிகள்

இந்த எகிறலை வேலைக்கு வைத்துக்கொண்ட கருவிகளும் உண்டு. பழைய டியூப் லைட்டில் ஸ்டார்ட்டர் திறந்து விலகும் நொடியில், சோக் தன் மின்னோட்டத்தை விடமாட்டேன் என்று மின்னழுத்தத்தை எகிறவைக்கும். அந்த எகிறல்தான் குழாய்க்குள் விளக்கை ஏற்றுகிறது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தான். டியூபைப் பற்றவைப்பது அதைவிடப் பெரிது.

பழைய மோட்டார் சைக்கிளில் பாயிண்ட் திறக்கும்போது இக்னிஷன் காயில், பேட்டரியின் சில வோல்ட்டைக்கொண்டு ஸ்பார்க் பிளக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை உண்டாக்குகிறது. அங்கே பாயிண்டுக்குக் குறுக்கே ஒரு கண்டன்சர் இருக்கும். அது கெட்டுப்போனால் பாயிண்ட் தீய்ந்துபோகும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். எகிறலை வேண்டிய இடத்தில் பயன்படுத்தி, வேண்டாத இடத்தில் தாங்கிப் பிடிக்கும் முறை அதில் இருக்கிறது.

பள்ளிவாசலில் மின்விசிறியை நிறுத்தும்போது ஒலிபெருக்கியில் 'டக்' என்று கேட்பதுண்டு. சுவிட்சுக்குள் பறந்த சிறு பொறிதான் அது. வயர் வழியாகவும் காற்று வழியாகவும் ஆம்ப்ளிஃபயருக்குள் போய்ச் சேருகிறது.

கண்ணால் பார்க்கும் சோதனை

பயிற்சியாளர் எனக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்து காட்டியது இது. தேவையானவை: 12 வோல்ட் ரிலே ஒன்று, 9 வோல்ட் பேட்டரி ஒன்று, உள்ளே ரெசிஸ்டர் சேர்க்காத சிறிய நியான் விளக்கு ஒன்று. நியான் விளக்கு எரிய ஏறத்தாழ 70 வோல்ட்டாவது வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் அது எந்தக் காலத்திலும் எரியாது.

நியான் விளக்கை ரிலே காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்தார். பேட்டரி வயரைத் தொட்டார். ரிலே 'டக்' என்றது, விளக்கு எரியவில்லை. வயரை எடுத்தார். எடுத்த நொடியில் விளக்கு செம்மஞ்சளாக மின்னியது. பேட்டரி விலகிய பிறகு விளக்கு மின்னுகிறது என்றால் அந்த 70 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் எங்கிருந்து வந்தது? காயிலிலிருந்துதான்.

பிறகு ஒரு டையோடைக் காயிலுக்குக் குறுக்கே வைத்து மறுபடியும் செய்தார். எத்தனை முறை வயரை எடுத்தாலும் விளக்கு மின்னவே இல்லை.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் இரண்டை மனத்தில் வையுங்கள். காயிலின் வெற்று முனைகளை இரு கைகளாலும் தொடாதீர்கள். சுரீர் என்று அடிக்கும். ரெசிஸ்டர் இல்லாத நியான் விளக்கை ஒருபோதும் வீட்டு மின்சாரத்தில் இணைக்காதீர்கள்.

டையோடு என்ன செய்கிறது

டையோடு ஒருவழிக் கதவு. அதன் உடம்பில் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். கோடு உள்ள முனையைக் காயிலின் பிளஸ் பக்கம் இணைக்க வேண்டும். மறுமுனை டிரான்சிஸ்டர் பக்கம். ரிலே வேலை செய்யும்போது டையோடு மூடிய கதவு. அது இருப்பதே தெரியாது. டிரான்சிஸ்டர் நின்றதும் காயிலின் மின்னழுத்தம் தலைகீழாகிறது, கதவு திறக்கிறது. மின்னோட்டம் காயில், டையோடு, மறுபடி காயில் என்று சுற்றிச் சுற்றி வந்து, காயிலின் மின்தடையில் வெப்பமாகக் கரைந்து அடங்குகிறது. சில மில்லி விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். டிரான்சிஸ்டரின் தலையில் விழுவது 13 வோல்ட்டுக்கும் குறைவு.

எகிறலை நாம் தடுக்கவில்லை, அதற்குப் போக வழி விட்டிருக்கிறோம். இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

சிறிய ரிலேக்களுக்கு 1என்4007 போதும். அது 1000 வோல்ட்டும் 1 ஆம்பியரும் தாங்கும். எந்தக் கடையிலும் கிடைக்கும். காயிலில் ஓடும் மின்னோட்டத்தை டையோடு தாங்க வேண்டும் என்பதே விதி. 1 ஆம்பியருக்கு மேல் எடுக்கும் டி.சி. வால்வுகளுக்கு 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 போடுங்கள். பல ரிலேக்களை யுஎல்என்2003 ஐ.சி. மூலம் இயக்குபவர்களுக்கு டையோடுகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அதன் 9ஆம் காலை ரிலேயின் பிளஸ் வயரோடு இணைத்தால்தான் அவை வேலை செய்யும். அந்தக் காலை விட்டுவிடுவது பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தவறு.

டையோடால் ஒரு சிறு குறையும் உண்டு. மின்னோட்டம் மெல்ல அடங்குவதால் ரிலே விடுபடச் சில மில்லி விநாடி தாமதமாகும். தண்ணீர்த் தொட்டிக்கு அது பொருட்டே இல்லை. வேகமாக விடுபட வேண்டிய இடத்தில், டையோடோடு ஒரு 24 வோல்ட் ஸீனர் டையோடை எதிர்முகமாகத் தொடராகச் சேர்க்கலாம். அப்போது டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியது 12ம் 24ம் சேர்ந்து 37 வோல்ட் அளவு. 45க்குள் அடங்கும். மின்னோட்டமும் விரைவில் அடங்கும். டி.சி. மோட்டாரின் வேகத்தைக் குறைத்துக் கூட்ட, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை நிறுத்தி ஓடவிடும் சர்க்யூட்டுகளுக்கு 1என்4007 மந்தம். அங்கே வேகமான டையோடுதான் வேண்டும்.

ஏ.சி. பக்கம் வேறு மருந்து

நம் பெட்டியின் ரிலே ஒரு கான்டாக்டரை இயக்குகிறது. கான்டாக்டர்தான் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிறது. அந்தக் கான்டாக்டருக்குள்ளும் ஒரு காயில் இருக்கிறது. அது 230 வோல்ட் ஏ.சி. காயில். ரிலேயின் முனைகள் அதைத் துண்டிக்கும்போது அங்கும் எகிறல் உண்டு. முனைகள் தீய்வதும், பெட்டிக்குள் இருக்கும் ஐ.சி. குழம்பிப்போவதும் அதனால்தான்.

இங்கே மிகுந்த கவனம் வேண்டும். ஏ.சி. காயிலுக்குக் குறுக்கே டையோடு போடவே கூடாது. ஏ.சி.யில் திசை மாறி மாறி வருவதால் கதவு ஒவ்வொரு சுற்றிலும் திறந்து நேரடி ஷார்ட் ஆகிவிடும். டையோடு வெடிக்கும், ஃபியூஸ் போகும், முகத்துக்கு நேரே இருந்தால் காயமும் உண்டாகும்.

ஏ.சி.க்கு உரியது ஸ்னப்பர். 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்தது. மோட்டார் சைக்கிள் பாயிண்டில் இருக்கும் கண்டன்சரின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எகிறலைக் கெபாசிட்டர் வாங்கிக்கொள்கிறது, ரெசிஸ்டர் அதைக் கரைக்கிறது. கெபாசிட்டர் உடம்பில் 'எக்ஸ்2' என்றும் 275 வோல்ட் ஏ.சி. என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். மின்சார வழியில் நேரடியாக நிற்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை. விலை குறைவு என்று சாதாரணக் கெபாசிட்டரைப் போட்டால் அது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

ஸ்னப்பரை எங்கே வைப்பது? கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே வைப்பதே நல்லது. ரிலே முனைகளுக்குக் குறுக்கே வைத்தால், ரிலே நின்ற பிறகும் அதன் வழியே 7 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவில் எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரியும். சிறிய கான்டாக்டர் விடுபடாமல் முனகும். அதைவிட முக்கியம், நின்றுவிட்டது என்று நம்பித் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.

இதனோடு காயிலுக்குக் குறுக்கே ஒரு எம்.ஓ.வி.யும் சேர்க்கலாம். வட்டமாக, நீலம் அல்லது மஞ்சள் பொத்தான்போல் இருக்கும். குறித்த அளவுக்கு மேல் மின்னழுத்தம் ஏறினால் மட்டும் வழிவிடும். அதில் 431 என்று அச்சிட்டிருந்தால் 275 வோல்ட் ஏ.சி.க்கு உரியது, 471 என்றால் 300 வோல்ட் ஏ.சி.க்கு உரியது. இரவில் மின்னழுத்தம் கூடும் தெருக்களில் இரண்டாவதே பாதுகாப்பு. எம்.ஓ.வி. ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் தேயும். முற்றிலும் தேய்ந்தால் சூடாகி எரியக்கூடும். ஆகவே அதற்கு முன்னால் ஃபியூஸ் கட்டாயம்.

பெட்டியை மூடுமுன் பார்க்க வேண்டியவை

ஒன்று. ஒவ்வொரு டி.சி. காயிலுக்கும் டையோடு இருக்கிறதா?

இரண்டு. கோடு உள்ள முனை பிளஸ் பக்கம் இருக்கிறதா? தலைகீழாக இருந்தால் முதல் முறை ரிலேயை ஓடவிடும்போதே டிரான்சிஸ்டர் போய்விடும்.

மூன்று. டையோடு காயிலின் காலடியிலேயே இருக்கிறதா? ரிலே ஓரிடம், டையோடு நீண்ட வயருக்கு அப்பால் ஓரிடம் என்று இருந்தால், இடையில் உள்ள வயரே இரைச்சலைப் பரப்பும்.

நான்கு. ஏ.சி. காயிலுக்குக் குறுக்கே தவறியும் டையோடு இல்லையே?

ஐந்து. ஸ்னப்பர் கெபாசிட்டரில் எக்ஸ்2 என்ற அச்சு இருக்கிறதா?

ஆறு. ரிலே ஒட்டிக்கொண்டாலும் மோட்டாரைக் காப்பாற்ற வேறு ஏற்பாடு உண்டா? சம்ப் வற்றினால் தனியாக நிறுத்தும் ஒரு மிதவை சுவிட்சை, பெட்டியைச் சாராமல், கான்டாக்டர் காயிலின் வழியில் வைத்துவிடுங்கள். மின்னணு உறுப்பு எதுவும் ஒருநாள் கெடலாம். கெட்டாலும் ஒரு குடும்பத்தின் மோட்டார் கருகக்கூடாது.

வீட்டில் ஏற்கெனவே இப்படிப்பட்ட கருவி வைத்திருப்பவர்கள், தொட்டி நிறைந்ததும் மோட்டார் உடனே நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவரிடம் காட்டி, ரிலேக்குப் பக்கத்தில் டையோடு இருக்கிறதா என்று கேளுங்கள். திறக்குமுன் மெயினை நிறுத்த வேண்டும்.

பத்துப் பெட்டிகளையும் திரும்ப வாங்கி, டையோடும் ஸ்னப்பரும் மிதவை சுவிட்சும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். அந்தப் பையன் வீட்டுக்கு நானே போனேன். வரியை அடித்தது நான்தான் என்று அவன் அத்தாவுக்கு முன்னால் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவன் வந்தான். பத்துப் பெட்டிகளுக்கும் டையோடைப் பற்றவைத்தவன் அவன்தான். அந்தச் சகோதரியின் வீட்டில் பெட்டியை மாட்டி, தொட்டி நிறைந்து மோட்டார் நிற்கும்வரை மாடியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான்.

நம் கையால் செய்து ஒருவர் வீட்டில் மாட்டுவது அமானிதம். இனிப் பட்டியலில் எந்தப் பொருளையும் அடிக்குமுன், அது இல்லாமல் ஓடுமா என்று நான் கேட்கப்போவதில்லை. நிறுத்தும்போது என்ன ஆகும் என்று கேட்பேன். பிள்ளைகளும் என்னிடம் அப்படியே கேட்கலாம்.